மெங்தா பீரும் சந்தபுரி மாமனாரும்

கடைக் கரும்பலகையில் இருந்த பூச்சியின் கால்களை ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டிருந்தான் கம்போன். ஆறு கால்களும் ஒருவழியாகப் போய்விட்டன. உடம்பு மட்டும் போக மறுத்தது. அழியாமல் இருக்கட்டும் என்று பெயிண்ட் வாங்கி வரைந்தவனே அவன்தான்.

அவன் கட்டிக்கொள்ள நினைத்திருந்த ரச்சனீ போனில் மறுபடியும் எச்சரித்தாள். "அப்பா பஸ்ஸை விட்டு இறங்கிட்டார். நேரா உன் கடைக்குத்தான் வர்றோம். பூச்சின்னு மட்டும் வாயைத் திறந்துடாத. அவருக்குப் பேரைக் கேட்டாலே கை காலெல்லாம் உதறும்."

தாய்லாந்தின் கோன்கேனில் இருந்துகொண்டு பூச்சி என்று வாயைத் திறக்காமல் எப்படி இருப்பது? அங்கே சந்தைக்குப் போனால் வெட்டுக்கிளி ஒரு பக்கம், பட்டுப்புழு ஒரு பக்கம். கம்போன் கட்டியிருந்த கோட்டையே ஒரு பூச்சியின் முதுகில்தான் நின்றது. மெங்தா என்று பெயர். வயல் தண்ணீரில் கிடக்கும். பார்த்தால் கரப்பான்பூச்சிக்குப் பெரியண்ணன் மாதிரி இருக்கும். இடித்தால் மட்டும் தெருவே மணக்கும். அந்த மணத்தை பீரில் இறக்க வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. முதல் தடவையாகக் காய்ச்சிய பீப்பாயை இந்த வாரம்தான் திறந்திருந்தான். குடித்தவர்கள் எல்லாம் தலையை ஆட்டி ஆட்டிப் பூச்சியைப் புகழ்ந்தார்கள். கடையின் பின்கட்டில் சமையலைப் பார்த்துக்கொண்ட அவன் அக்கா சம்லீ மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் எதற்குமே அதிகம் பேச மாட்டாள்.

உடம்பை அழிக்க முடியாது என்று தெரிந்ததும் கம்போன் பச்சை பெயிண்டை எடுத்தான். முதுகில் ஒரு நரம்பு, அடியில் ஒரு காம்பு. பூச்சி, நாரத்தை இலையாகிவிட்டது.

கடைக்குள் வந்த ரச்சனீயின் அப்பா உதோம் கனத்த மனிதர். சந்தபுரியில் பரம்பரையாகப் பழத்தோட்டம் வைத்திருப்பவர். தன் ஒரே மகள் சாராயம் காய்ச்சுகிறவனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்பதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. பலகையைப் பார்த்தார். "நாரத்தை இலையா?" என்று கேட்டார். ஆமாங்க ஐயா என்றான் கம்போன். ஒரு மடக்கு குடித்தார். கண்ணை மூடினார். மூடிய கண்ணைத் திறக்காமலே மீதியையும் குடித்துவிட்டு, "நாரத்தை இலையேதான். மரத்தை விட்டு இறங்கின வாசனை அப்படியே இருக்கு" என்றார்.

ரச்சனீ மேஜைக்கடியில் கம்போனின் கையை அழுத்தினாள். அத்தோடு விட்டிருக்கலாம். இரண்டாவது கிளாஸ் இறங்கியதும் உதோம் அந்த மரத்தைப் பார்க்க வேண்டும் என்றார்.

கம்போனுக்கு ஏது மரம்? பக்கத்து வீட்டு மரத்தைத் தன்னுடையது என்று காட்டினான். அவர் இலையைப் புரட்டிப் பார்த்து, புழு விழுந்திருக்கிறது என்று பாதிக் கிளைகளை ஒடித்துப்போட்டார். சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரியிடம், மரத்துக்கு வைத்தியம் பார்க்க வந்த அரசாங்க ஆள் என்று கம்போன் காதோடு சொன்னான். அவள் உடனே அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்த் தன் பலா, மா, கொய்யா எல்லாவற்றையும் காட்டினாள். உதோமும் கம்போனின் அக்கம்பக்கத்தார் எவ்வளவு மரியாதை தெரிந்தவர்கள் என்று மகிழ்ந்துபோனார்.

திரும்பி வந்து மூன்றாவது கிளாஸைக் குடித்தபோது அவர் முகத்தில் ஒரு தீர்மானம் தெரிந்தது. இந்த நோஞ்சான் மரத்தை நம்பி மகளைக் கொடுக்க முடியாது என்றார். போனை எடுத்துத் தன் தம்பியைக் கூப்பிட்டு, கிழக்குப் பக்கத்து ரம்புத்தான் மரங்களை எல்லாம் இன்றைக்கே வெட்டச் சொன்னார். அந்த இடம் முழுக்கக் கம்போனின் பீருக்காக நாரத்தை வைத்துக் கொடுக்கப்போகிறார்களாம். போனுக்குள் ரம்பம் உறுமுவது கம்போனுக்கே கேட்டது.

அவன் ரச்சனீயைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். அவளுடைய அம்மா தன் கையால் நட்ட மரங்கள் அவை.

"ஐயா, வெட்ட வேணாம்னு சொல்லுங்க. அது இலை இல்ல. மெங்தா. பூச்சி."

உதோம் போனில், கொஞ்சம் நிறுத்து என்றார். பிறகு கிளாஸைப் பார்த்தார். அவர் நெற்றியில் வேர்வை அரும்பியது. எத்தனை கிளாஸ் குடித்தேன் என்று மகளைக் கேட்டார். அவள் மூன்று விரலைக் காட்டினாள். கம்போன் விசிறியைத் தேடி ஓடினான். வந்து பார்த்தால் அவர் விழாமல் உட்கார்ந்திருந்தார்.

சின்ன வயசில் குளத்தில் இறங்கியபோது ஒரு மெங்தா அவர் கால் கட்டைவிரலைக் கடித்ததாம். அன்றிலிருந்து அவர் குளத்துப் பக்கமே போனதில்லையாம். இதைச் சொல்லும்போதே அவர் முதுகு மெல்ல நிமிர்ந்தது.

"வாழ்நாள் பூரா என்னை மிரட்டினவனை மூணு கிளாஸ் குடிச்சிருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே," என்றார். "இன்னொண்ணு ஊத்து மாப்பிள்ளை."

மாப்பிள்ளை என்ற சொல்லைக் கேட்டு ரச்சனீ அழுதுவிட்டாள். ஒரு தோட்டமே கிடைக்கிற நேரத்தில் உண்மையைச் சொன்னவனுக்குப் பெண்ணைத் தராமல் வேறு யாருக்குத் தருவது என்றார் உதோம். நான்காவது கிளாஸை நிதானமாக நாக்கில் உருட்டிப் பார்த்தார். இலை என்று நினைத்தது தன் மடத்தனம் என்றும், இது உயிருள்ள வாசனை என்றும், அடித்தொண்டையில் இறக்கையின் காரம்கூடத் தெரிகிறது என்றும் சொன்னார். கம்போன் ஒப்புக்கொண்டான். அவனுக்கும் அதே இடத்தில்தான் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து சம்லீ ஒட்டும் அரிசிச் சோறும் வறுத்த மீனும் கொண்டுவந்து வைத்தாள். காய்ச்சுகிற அன்றைக்குத் தான் புட்டி வாங்க வெளியூர் போயிருந்ததையும், பூச்சியை இடித்துப் போட்ட புண்ணியம் அக்காவுடையது என்பதையும் கம்போன் பெருமையாகச் சொன்னான். உதோம் எழுந்து நின்று அவளுக்குக் கைகூப்பினார்.

சம்லீ பதிலுக்குக் கைகூப்பிவிட்டுத் தம்பியைப் பார்த்தாள்.

"அந்தப் பூச்சியையா சொல்ற? அதை மிளகா வச்சு இடிச்சு அன்னைக்கே நாங்க தொட்டுக்கிட்டோமே. நீ வந்து கத்துவியேன்னு பீருல ரெண்டு கை நாரத்தை இலையைக் கிள்ளிப் போட்டேன்."