முகம் காட்டக் கட்டணம்

பயப்பட எனக்கு யாரும் பயிற்சி தர வேண்டியதில்லை. மகள் தும்மினால் மருத்துவமனைக்கு ஓடுவேன். தும்மாவிட்டால், ஏன் தும்மவில்லை என்று கேட்க ஓடுவேன். அப்படிப்பட்டவள் பேறுகால விடுப்பு முடிந்து திண்டிவனம் பள்ளிக்குத் திரும்பும்போது சும்மா போவேனா? விழுப்புரம் வீட்டில் தொட்டிலுக்கு எதிரே ஒரு கேமரா மாட்டி, எங்கள் முகங்களை அதற்குக் காட்டிப் பழக்கினேன். (விலை மலிவு. ஏன் மலிவு என்று யோசிக்கவில்லை.)

நான் வேலைக்குத் திரும்பிய அன்று கணவர் விடுப்பெடுத்துக் குழந்தையைப் பார்த்துக்கொண்டார். மாலை, பேருந்து திண்டிவனத்தைத் தாண்டியதும் என் போன் அலறியது: "தெரியாத நபர் குழந்தையின் அருகில்!"

கூடவே ஒரு மங்கலான படம். மஞ்சள் தலையோடு ஓர் உருவம் தொட்டிலுக்குள் குனிந்திருந்தது. முகம் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் சந்தா கட்ட வேண்டுமாம்.

கணவரை அழைத்தேன், எடுக்கவில்லை. அடித்துப் போட்டுவிட்டார்களோ?

கீழ்வீட்டு ஷகிலா அக்காவை அழைத்தேன். "அக்கா, வீட்ல திருடன்! மஞ்சள் தொப்பி போட்டிருக்கான், பாப்பாவைத் தூக்கறான்!"

"ஐயய்யோ! நீ போன வையி டீச்சர். அவனா நானான்னு பாத்துடறேன்!"

திரையில் ஓராண்டுச் சந்தாவுக்குப் பெரிய பச்சைப் பொத்தான். அதனடியில் எறும்பு அளவில், வெளிறிய எழுத்தில், மாதச் சந்தா. எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில் நாலு பேர் கூடி முடிவெடுத்திருக்கிறார்கள்: பயமுறுத்துவது இலவசம், நிம்மதிக்கு மட்டும் காசு. என் மாமியாரைவிட என்னை நன்றாகப் புரிந்துவைத்தவர்கள்.

பக்கத்து இருக்கை அம்மாள் மல்லாட்டை (வேர்க்கடலைதான்) உரித்துத் தின்றபடி என் போனுக்குள் தலையை விட்டார். "என்னாத்துக்கும்மா யோசிச்சிக்கினு இருக்க? ஜல்தியா கட்டு, அவன் மூஞ்சப் பாக்கலாம்!"

ஓராண்டுக்கே கட்டினேன். (மாதச் சந்தா என்றால் பாசம் குறைவு என்றாகிவிடுமோ?)

படம் தெளிந்து, நேரலையாக ஓடியது. ஷகிலா அக்கா துடைப்பத்தை ஓங்கியிருந்தார். எதிரே குழந்தையை அணைத்தபடி நடுங்கிக்கொண்டிருந்தார் என் கணவர். முந்தைய நாள்தான் மயிலம் கோயிலில் மகளுக்கு முதல் மொட்டை. வேண்டுதலென்று அவரும் போட்டுக்கொண்டார். காலையில் அந்தத் தலைக்குச் சந்தனம் பூசியவளே நான்தான். கேமராவுக்கு அடையாளம் தெரியவில்லை, சரி. எனக்கு?

கட்டிய காசுக்குக் குரலும் கேட்டது, பேருந்து முழுவதற்கும்.

"அக்கா, நான்தாங்க! பகலெல்லாம் மடியிலேயே இருந்த பாப்பா இப்பதான் தொட்டில்ல தூங்குதேன்னு போன சைலன்ட்ல போட்டேங்க!"

"ஏன் சார், மொட்ட அடிச்சா வூட்ல சொல்லக் கூடாதா?"

"சந்தனம் பூசி வுட்டதே அவதாங்க!"

சந்தாவை ரத்து செய்யும் பொத்தானை அந்த நாலு பேர் எங்கே ஒளித்தார்கள் என்று இன்னும் தேடுகிறேன். கணவர் முடி வெட்டக் கிளம்பும்போதெல்லாம் கீழ்வீட்டிலிருந்து குரல் வருகிறது: "டீச்சர், உன் வூட்டுக்காரரு கட்டிங்குக்குப் போறாரு! இப்பவே நல்லாப் பாத்து வச்சிக்கோ, அப்பறம் என்னை அடிக்க வுடாத!"