யால்மரி வீட்டு நூறு டிகிரி

உறைந்த ஏரியின் மேல் கொடி அசைந்ததும் ஓனியின் கார் சீறிக்கொண்டு போனது. யால்மரியின் கார் இரண்டு தரம் இருமிவிட்டுப் புறப்பட்ட இடத்திலேயே படுத்துக்கொண்டது.

யால்மரிக்கு வயிறு பற்றி எரிந்தது. தோற்றது கூடப் பரவாயில்லை, பக்கத்து வீட்டு ஓனியிடம் தோற்றதுதான் தாங்கவில்லை. பனி உருகுவதற்குள் ஒரே ஒரு பந்தயத்தில் அவனை முந்திவிட்டால் போதும், அப்புறம் செத்தாலும் சரி என்று இருந்தான்.

இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில்தான் ஓனி தன் காரின் காற்றுக் குழாயில் இரண்டு சென்சார் மாட்டினான். ஒன்று காற்றின் அழுத்தம் பார்க்கும், மற்றது சூடு பார்க்கும். இரண்டும் சொல்வதைக் கேட்டு எஞ்சினின் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து ஊற்றும். மறுவாரமே யால்மரியும் மாட்டினான். ஓனி வாங்கிய கடையில் கால் வைக்க மனம் வராமல், பழைய இரும்புக் கடையில் பொறுக்கியவை. எந்தச் சூட்டுக்கு என்ன அளவு காட்டும் என்று சொல்லச் சூடு பார்க்கும் சென்சாருக்கு ஒரு துண்டுச் சீட்டு கூடக் கிடையாது.

"கெட்டில்ல தண்ணி கொதிக்குது, அதுல முக்கிப் பாருங்களேன்" என்றாள் அவன் மனைவி சிர்க்கா.

"காத்தை அளக்கற சாமானை யாராவது தண்ணியில போடுவாங்களா? நம்ம சவுனா எதுக்கு இருக்கு?"

வியர்க்க வியர்க்க உட்காரும் வெப்ப அறையான சவுனாக்களில் ஊரிலேயே சூடானது தன்னுடையதுதான் என்பது யால்மரியின் ஒரே பெருமை. சுவரிலிருந்த வெப்பமானியின் முள் நூறு காட்டும். அந்த நூறிலும் ஓனி வந்து உட்கார்ந்தால் முகம் சுளிக்காமல் ஊர்க்கதை பேசுவான். அதைப் பார்த்தும் யால்மரிக்குப் பொறாமைதான். அடுப்பை மூட்டி, சென்சாரைக் கூரையோரம் தொங்கவிட்டு, முள் நூறைத் தொட்டதும் அளவெடுத்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தான்.

எஞ்சின் சூடேறினாலே கார் இருமியது. ஓனியின் காரில் அழுத்த சென்சாருக்குப் போகும் ரப்பர் குழாய் குட்டையாக இருப்பதைப் பார்த்துவிட்டுத் தன்னுடையதையும் வெட்டினான். அது புகைக்குழாய் மேல் உட்கார்ந்து உருகி ஓட்டையாக, கார் கரும்புகை கக்கியது. புதுக் குழாய் போட்டான். புகை நின்றது, இருமல் நிற்கவில்லை. சூடு அளந்ததில்தான் பிசகு என்று மறுபடி சவுனாவுக்குள் போனான். இந்தத் தடவை தப்பே வரக்கூடாதென்று சென்சாரை வெப்பமானியோடு ஒட்டிக் கட்டி அளந்தான்.

கடைசிப் பந்தயத்தில் கார் கிளம்பவே இல்லை. ஓனிதான் கயிறு கட்டி வீடுவரை இழுத்து வந்தான். ஊரே கைதட்டியது.

"சூடில்லாத காத்தைச் சூடுன்னு நினைச்சு உன் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைக்குது. எங்கடா அளந்த?" என்று கேட்டான் ஓனி. சவுனா என்றதும், தன் காரின் சூட்டு சென்சாரையே கழற்றி, அளக்கும் மீட்டரோடு உள்ளே போனான்.

முள் நூறில் நின்றது. ஓனியின் சென்சார் எழுபத்தைந்து என்றது. ஓனி முகம் தொங்கிப்போய், தன் சென்சாரையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

யால்மரி சமையலறைக்கு ஓடினான். அந்தக் குளிர்காலத்திலேயே முதல்முறையாகச் சிரித்தான். "அவன் வாங்கின புது சென்சாரே டூப்புடி! இருபத்தஞ்சு டிகிரி குறைச்சுக் காட்டுது. இன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்குவேன்."

சிர்க்கா துண்டை மடிப்பதை நிறுத்தவில்லை.

"ஓனி சவுனா நம்மளதைவிடச் சூடுன்னு முன்ன ஒரு வாரம் தூங்காமக் கிடந்தீங்களே, அப்போ நான்தாங்க நம்ம வெப்பமானிக்குப் பின்னால இருக்கற திருகைக் கழட்டி முள்ளை இருபத்தஞ்சு தள்ளி வச்சேன்."