புகுந்த வீடு போன வங்கியும் உன் அத்தையின் சங்கிலியும்

வடக்கனந்தல்,
ஞாயிறு.

கோமுகி ஆறு வற்றினாலும் வற்றாத என் பாசத்துக்கு உரியவளும், சென்னையில் வங்கித் தலைமையகத்தையே தன் தோளில் தாங்குபவளுமான அக்காள் மகள் திருவளர்செல்வி ரம்யாவுக்கு, தாய்மாமன் சுப்புராயன் ஆசி கூறி எழுதுவது. இங்கே மழை, மரவள்ளி, உன் அத்தை மூன்றும் நலம். போனில் பேசினால் அத்தை காதில் விழும், அதனால்தான் கடிதம்.

நம் வங்கியைக் காணோம் அம்மா! கடுக்காய் வாங்க வெள்ளிமலைக்கு ஏறும்போதெல்லாம் அத்தையின் சங்கிலியை நான் அடகு வைப்பது உனக்குத் தெரியும். பணத்துக்காகவா? பீரோவைத் திருடன் உடைப்பான். வங்கிக்குப் போனால் அவனிடமும் ஆதார் கேட்பார்கள். சின்னதாக ஒரு கடன் போட்டுவிட்டால் சங்கிலியும் தூங்கும், நானும் தூங்குவேன். இப்போது உன் கல்யாணம் வந்துவிட்டது. "கழுத்துல சங்கிலி இல்லாம மண்டபத்துல கால் வைக்க மாட்டேன். நீ ஒண்டியா போய் சீர் வெச்சிக்கோ" என்கிறாள் உன் அத்தை கொளஞ்சியம்மாள். மனைவி இல்லாமல் தாய்மாமன் சீர் வைத்தால் ஊர் சும்மா விடுமா?

கள்ளக்குறிச்சிக்கு ஓடினேன். மாடியில் நம் வங்கியின் பலகை போய், கல்வராயன் மலை நீளத்துக்கு வேறு பலகை தொங்குகிறது. மேனேஜர் செலினா, "உங்க பாங்க் இப்ப இல்லீங்க, எங்க பாங்க்ல சேர்ந்துடுச்சு" என்றார்.

"சேர்ந்துடுச்சா? இன்னாம்மா, சாம்பாரும் ரசமுமா? என் சங்கிலி அடியில கீதா, மேல மெதக்குதா?"

"பழைய கணக்கெல்லாம் புது சிஸ்டத்துக்கு மாறிக்கினு இருக்குதுங்க. உங்க பேர்ல நகைக்கடனே காட்டலியே."

வாராக்கடனில் நோஞ்சானான வங்கியை இன்னொன்றோடு சேர்த்துக் கட்டினால் பயில்வானாகிவிடுமாம். இதற்குப் பெயர் சீர்திருத்தமாம். ரெண்டு நொண்டி மாட்டை ஒரே வண்டியில் பூட்டினால் உளுந்தூர்பேட்டை போய்ச் சேருமா, நீயே சொல். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ராத்திரியெல்லாம் யோசித்ததில் ஒன்று மட்டும் புரிந்தது: இது கல்யாணம். நம் வங்கி பெண், புகுந்த வீட்டில் இனிஷியல் மாறிவிட்டது, போட்டுப்போன நகை எங்கே என்று கேட்கும் உரிமை பெண் வீட்டாருக்கு உண்டு. மறுநாளே வெற்றிலை, பாக்கு, தேங்காய், பூவோடு தாம்பாளம் ஏந்திப் படியேறினேன். வரிசையில் நின்றவர்கள் குங்குமம் எடுத்துக்கொண்டார்கள். "சங்கிலி கெடைச்சா எங்க ரம்யா கல்யாணத்துல இந்தப் பிராஞ்சுக்கே விருந்து!" என்று கோயிலில் நேர்ந்துகொள்வதுபோல் கூவிவிட்டு வந்தேன். செலினா தலையில் கை வைத்துக்கொண்டார். ஆசீர்வாதம்தான் என்று நினைக்கிறேன்.

ஆகவே, என் சங்கிலி கைக்கு வரும்வரை தேசத்தின் எல்லா வங்கி இணைப்புகளையும் நீ உடனே நிறுத்திவைக்க வேண்டியது. பதினாறும் பெற்று, பதினாறுக்கும் கணக்குத் திறந்து, நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
சங்கிலி இழந்த சக்கரவர்த்தி,
மாமன் சுப்புராயன்

பி.கு.: இன்று திங்கள், இதைத் தபாலில் போடக் கள்ளக்குறிச்சி வந்தேன். அந்த மாடிக்குக் கீழேதான் கூட்டுறவுச் சங்கம். அதன் செயலாளர் ஆதிமூலம் வாசலிலேயே மறித்துக்கொண்டான். "இன்னா மாமா, மேல ஏறி எறங்கினு கீறியாமே! அன்னிக்கு மேல சிஸ்டம் படுத்துக்கிச்சுன்னு சங்கிலிய எங்க சங்கத்துலதானே வெச்சே?" சங்கிலியை மீட்டுவிட்டேன், உன் அத்தை வருகிறாள். இணைப்புகள் நடக்கட்டும். ஆனால் ஆதிமூலத்தின் குரல் மாடிக்கும் கேட்டுவிட்டது. "வேண்டுதல் பலிச்சிடுச்சுங்க, எல்லாரும் வர்றோம்" என்று செலினா மேலிருந்து கையசைத்தார். ரெண்டு வங்கி ஒன்றானதால் ஆட்களும் ரெண்டு மடங்கு. பந்தி விஷயத்தை அக்காவிடம் நீயே சொல்லிவிடு.