நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கட்டுரை எழுதுவது படித்தவர்கள் வேலை. நான் சாதாரண தரப் பரீட்சையோடு புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நாவலப்பிட்டியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஆணி நிறுக்கப் போனவன். (இரண்டு அங்குலமா, மூன்று அங்குலமா? இத்தனை வருஷத்தில் என் உரையாடல் அதற்கு மேல் வளரவில்லை.) இதையும் எழுதியிருக்க மாட்டேன். ஆனால் அன்று மகளின் பள்ளிக்கூடத்தில் நடந்ததை ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். மீன் கடையில் சொல்லும் கதையில் நான் மயங்கி விழுகிறேன். பஸ் நிலையத்தில் சொல்லும் கதையில் அம்புலன்ஸ் வருகிறது. நேரில் போய் மறுத்துப் பேச எனக்கு வாய் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் கூச்சத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். பஸ்ஸில் பெல் அடித்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று, வேறு யாராவது இறங்கும் இடம்வரை சும்மா இருந்து, அங்கே இறங்கித் திரும்பி நடந்து வருகிறவன் நான். ஒரு முறை இடையில் யாருமே இறங்கவில்லை. அடுத்த பட்டணமான கம்பளைவரை போய்விட்டேன்.

கல்யாணத்தன்று போட்டோக்காரர் "மாப்பிள்ளை, சிரிங்க" என்றார். சிரித்தேன். மறுபடியும் "சிரிங்க" என்றார். நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தப் படத்தைப் பார்த்த மாமியார், மாப்பிள்ளைக்கு ஏதாவது வருத்தம் இருக்கிறதா என்று தரகரிடம் தனியாகக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்.

எங்களுக்கு ஒரே மகள், தர்ஷிகா. நான்காம் தரம். நிறம் அம்மாவுடையது, மூக்கும் அம்மாவுடையது. வாய் மட்டும் என்னுடையது. அதாவது, திறக்காது.

அவளுடைய வகுப்புக்கு யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர் வதனி டீச்சர். அவர் வந்த பிறகு பள்ளிக்கூடத்தில் 'என் மனசு, உன் மனசு' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். பிள்ளைகள் காலையில் வந்ததும் இன்றைக்கு மனசு எப்படி என்று பார்த்து, தங்கள் பெயர் அட்டையைச் சூரியன், மேகம், மழை என்ற படங்களில் ஒன்றின் கீழே மாட்ட வேண்டும். (தர்ஷிகா தினமும் மேகத்தின் கீழேதான் மாட்டுவாள். மனசுக்கு ஒன்றுமில்லை. மேகம் ஓரத்தில் இருந்தது, அங்கே கூட்டம் குறைவு.) யாராவது கவலையாக இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். என்னவென்று கேள், பக்கத்தில் இரு, சேர்ந்து மூச்சு விடு, பெரியவர் ஒருவரிடம் சொல். நாங்கள் படிக்கும் காலத்தில் மனசுக்கென்று தனிப் பாடம் கிடையாது. எல்லாப் பாடத்துக்கும் பொதுவாக ஒரு பிரம்பு இருந்தது.

திட்டத்தின் கடைசியில் ஒரு திங்கட்கிழமை பெற்றோர் வகுப்புக்கு வந்து ஒரு விளையாட்டு விளையாட வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளையும் காலைக் கூட்டத்தில் மேடையேறி, தனக்குச் சந்தோஷம் தருவது எது என்று நான்கு வரி பேச வேண்டும். தர்ஷிகா மாட்டேன் என்று தலையாட்டினாள். டீச்சர் விடாமல் கேட்கவே, "எங்க அப்பா வந்து பெற்றோர் விளையாட்டுல விளையாடினா நானும் பேசுறேன்" என்று சொல்லியிருக்கிறாள். அந்த வகுப்பில் அவள் பேசியதிலேயே நீளமான வசனம் அதுதான். கெட்டிக்காரி. அப்பா சாகும்வரைக்கும் வரமாட்டார் என்று தெரிந்தே சொல்லியிருக்கிறாள்.

"என்னங்க, திங்கக்கெழம நீங்க போறீங்க" என்றாள் என் மனைவி செல்வி.

"நீ போயேன். ஒனக்குத்தான் நல்லாப் பேச வருமே."

"எனக்கு வரும். அவளுக்கு வரலியே. அவ என்னையவா கேட்டா? ஒங்களத்தான் கேட்டா. நாளைக்கு அவளும் பெல் அடிக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு கம்பளைக்குப் போகணுமா?"

கம்பளை என்றது குத்தியது. போகிறேன் என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த மகளின் கை அப்படியே நின்றது. "நெசமாவா அப்பா?" என்றாள். தூக்குத் தண்டனையை உறுதிசெய்து கேட்பது போன்ற குரல்.

கடையில் முதலாளியிடம் அரை நாள் லீவு கேட்டேன்.

"எதுக்குய்யா?"

"மகளோட பள்ளிக்கூடத்துல மொகம் காட்டணும் முதலாளி."

"காட்டிட்டு வா. இருக்கிறது ஒண்ணுதான, பத்திரமாக் கொண்டுவா" என்றார்.

திங்கட்கிழமை வகுப்பறைக்குப் போனேன். விளையாட்டு எளிதானதுதான். பெட்டியிலிருந்து ஓர் அட்டையை எடுக்க வேண்டும். அதில் ஓர் உணர்ச்சியின் பெயர் இருக்கும். அதை முகத்தில் காட்ட வேண்டும், பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள். எனக்கு முன்னால் வந்த ஓர் ஆட்டோக்காரருக்குக் 'கோபம்' வந்தது. அவர் திரும்பியவுடனேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அடுத்தது நான்.

"வாங்கோ, பயப்பிடாதேங்கோ" என்றார் வதனி டீச்சர். "வாய் திறந்து கதைக்கப்படாது. பிள்ளையள் கண்டுபிடிக்குமட்டும் அட்டையையும் காட்டப்படாது. சரியோ?"

பேசக் கூடாது! என் வாழ்க்கையிலேயே எனக்குப் பிடித்த முதல் விதி. அட்டையைப் பார்த்தேன். 'சந்தோஷம்' என்றிருந்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கடைசி வாங்கில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தேன். மனசார, முழு மூச்சாக, சிரித்தேன்.

"பயம்!" என்றான் ஒருவன்.

"பல்லு வலி!"

"பல்லு வலி உணர்வு இல்லை ராசா" என்றார் டீச்சர்.

"டீச்சர், அங்கிளுக்கு ஒண்ணுக்கு வருது!"

இன்னும் கொஞ்சம் விரித்துச் சிரித்தேன். முன் வாங்கில் இருந்த ஒரு குழந்தை தன் சாப்பாட்டுப் பெட்டியை மெதுவாகப் பின்னால் நகர்த்தியது.

அப்போதுதான் யதுஷா எழுந்தாள். கவலைப்படுகிறவர்களுக்கு உதவவென்று நியமித்து, சட்டையில் 'உதவும் கை' என்று பட்டி குத்தியிருந்த பிள்ளை. பட்டி குத்திய நாளிலிருந்து ஒரு கவலைக்காரருக்காகக் காத்திருந்தவள். பாவம், அந்த வகுப்பில் ஒருவரும் போதுமான அளவு கவலைப்படவில்லை.

"அங்கிள் கவலையா இருக்காரு" என்றாள்.

இல்லை என்று பலமாகத் தலையாட்டினேன்.

"கவலையா இருக்கிறவங்க இல்லன்னுதான் சொல்லுவாங்க. டீச்சர் சொல்லித் தந்தாங்க."

அதோடு விளையாட்டு முடிந்தது, வைத்தியம் தொடங்கியது. ஒருத்தி என் வலது கையைப் பிடித்தாள், ஒருவன் இடது கையைப் பிடித்தான். வகுப்பின் மூலையில் பாய் விரித்து, 'அமைதி மூலை' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அங்கே கூட்டிக்கொண்டு போய், கைப்பிடி வைத்த ஒரு சின்ன பிளாஸ்டிக் கதிரையில் என்னை உட்காரவைத்தார்கள். (உட்காரவைத்தார்கள் என்பதைவிட, சொருகினார்கள் என்பது சரி.) மடியில் ஒரு பஞ்சுக் கரடியை வைத்தார்கள். ஒரு பையன் தான் கடித்த பிஸ்கட்டின் மிச்சத்தை என் வாயருகே நீட்டினான். மறுப்பது மரியாதையில்லை, சாப்பிட்டேன். டீச்சர் கை கட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் அட்டை 'கவலை' என்றும், நான் பெரிய நடிகன் என்றும் நினைத்தாராம். பிறகு சொன்னார்.

"பூவை மோந்து பாருங்க அங்கிள்" என்று யதுஷா ஒரு செவ்வந்தியை என் மூக்கில் வைத்தாள். "மூச்சை இழுங்க. இப்ப மெழுகுதிரியை ஊதுங்க." மெழுகுதிரி என்பது அவளுடைய விரல்.

எனக்குச் சீமெந்துத் தூசியில் வந்த பீனிசம் உண்டு. செவ்வந்தியை இழுத்தவுடன் தும்மல் வந்தது. ஒன்றல்ல, ஒரு கோவை. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. துடைக்கலாமென்றால் இரண்டு கையையும் பிடித்திருக்கிறார்கள்.

"அழுறாரு!"

"அழட்டும். அழுதா நல்லது" என்றாள் யதுஷா, அனுபவப்பட்ட டொக்டரைப் போல.

இவ்வளவு நடந்தும் நீ ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். செல்வியும் கேட்டாள், இன்னும் கேட்கிறாள். பேசக் கூடாது என்பது விதி. நான் பேசினால் விளையாடியதாகக் கணக்கில்லை. நான் விளையாடாவிட்டால் மகள் மேடையேற மாட்டாள். மேடையேறாமல் தப்பிப்பதுதான் அவளுக்கு வேண்டியதே. விடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். இரண்டு பிள்ளைகளுக்கு அதைப் பார்த்து அழுகை வந்துவிட்டது.

இப்போது டீச்சருக்கே சந்தேகம் வந்து, "அண்ணை, உண்மையாவே ஏதும் கஷ்டமோ?" என்று குனிந்து கேட்டார். அதற்குள் யதுஷா கடைசிப் படிக்குப் போய்விட்டாள். பெரியவர் ஒருவரிடம் சொல். டீச்சர் போதாது என்று நினைத்தாளோ என்னவோ, நேரே அதிபரின் அறைக்கு ஓடிவிட்டாள்.

அதிபர் வந்தார். நல்ல மனுஷன், நல்ல உயரம். மடியில் கரடியோடு, கண்ணீர் வடிய, முழங்கால் நெஞ்சில் முட்ட மடங்கி உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். அதிபர் வந்தால் எழுந்து நிற்பது பழக்கம். எழுந்தேன். கதிரையும் எழுந்தது.

"தம்பி, வீட்டுல ஏதும் பிரச்சினையா? கடையிலயா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"சொல்ல மாட்டேங்கிறாரு சார்" என்றாள் யதுஷா. "மனசுக்குள்ளயே வச்சிருக்காரு."

அதிபர் வெளியே போய்ச் செல்விக்குப் போன் எடுத்தார். "ஒங்க வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் மனசு சரியில்ல. பயப்படாதீங்க, உடனே வாங்க" என்று சொன்னாராம். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் பயப்படாத பெண் உலகத்தில் உண்டா? செல்வி தையல் கடையிலிருந்து ஆட்டோ பிடித்து வந்தாள், கழுத்தில் அளவு நாடாவோடு. சட்டைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவும் என்னவென்று பார்க்கக் கூடவே ஏறி வந்துவிட்டார்.

"ஐயோ, என்னங்க ஆச்சு ஒங்களுக்கு?"

அவள் பதறக் கூடாதே என்று அவளைப் பார்த்துச் சிரித்தேன்.

"பாருங்க, பாருங்க, மறுபடியும் வருது!" என்று வகுப்பே கத்தியது. சட்டை அளவுக்கார அம்மா நெஞ்சில் கை வைத்தார்.

அந்த நேரத்தில் கடைசி வாங்கிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. "அது சந்தோசம்!"

எல்லோரும் திரும்பினோம். நானும் கதிரையுமாகத் திரும்பினோம். தர்ஷிகா வாங்கின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது. ஒரு கை இன்னும் உயர்ந்தே இருந்தது.

"அப்பா அழல்ல! அவருக்குப் பீனிசம்! அது சந்தோசமான மொகம். எங்க வீட்டுல அவரு எப்பவும் இப்படித்தான் சிரிப்பாரு. கல்யாணப் போட்டோவுலயும் இப்படித்தான். நான் மொதல்லயே கை தூக்கிட்டேன், ஒருத்தரும் பாக்கல! தெரியாட்டி எங்கிட்டக் கேட்டிருக்கணும்!"

ஒரு கையை விடுவித்து, சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினேன். டீச்சர் வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் அட்டையைப் பார்த்தார்.

"ஓம்" என்றார் மெதுவாக. "சரியான விடை."

பிறகு அதிபர் கதிரையைப் பிடித்து இழுக்க, செல்வி என்னைப் பிடித்து இழுக்க, நான் வெளியே வந்தேன். யதுஷாவின் முகம்தான் வாடிவிட்டது. "கவலை இல்லன்னா அவன்ட பிஸ்கட்டத் திருப்பிக் குடுங்க" என்றாள். அது முடியாத காரியமாக இருந்தது.

இப்போதும் சின்னப் பிள்ளைகள் அப்பாமாரோடு கடைக்கு வந்தால், ஆணி நிறுக்கும் என்னைப் பார்த்து விரலை நீட்டுகிறார்கள். ஊதுகிறேன். ஊதாவிட்டால் போக மாட்டார்கள். வீட்டில் கல்யாணப் படத்தை முன் அறையில் மாட்டியிருக்கிறோம். வருகிறவர்கள் பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் பேசாமல் நின்றால், தர்ஷிகா உள்ளேயிருந்தே குரல் கொடுப்பாள்: "எந்த அட்டைன்னு சொல்லுங்க பாப்போம்!" இதுவரை ஒருவரும் சரியாகச் சொன்னதில்லை.

அந்த விளையாட்டுக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை, மழை பெய்தது. காலைக் கூட்டத்தை மண்டபத்துக்குள் வைத்தார்கள். தர்ஷிகா மேடையேறி நான்கு வரி பேசினாள். நான் கடைக்குப் போய் ஆணி நிறுத்தேன். மாலையில் வீட்டுக்குத் திரும்பும்போது, எங்கள் இடம் வந்ததும் பெல் அடித்தேன். பஸ் நின்றது. இறங்கினேன்.