பொறுப்பாளர் போட்ட கோடு

அவர் தன் மனைவியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது லாரியின் பக்கக் கண்ணாடியில்தான். கையில் சாக்பீஸோடு வாசலில் நின்று பலமாகக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். வழியனுப்புகிறாளாக்கும் என்று இவரும் ஜன்னல் வழியே ஆட்டினார். தெருமுனை திரும்பிய பிறகுதான் தெரிந்தது. இண்டிகேட்டரை அணைக்கச் சொல்லியிருக்கிறாள்.

அந்த சாக்பீஸ் வீட்டுக்குள் வந்தது அவர் செய்த ஒரு தவற்றால்.

ஊரார் லாரியை ஓட்டி ஓட்டி முதுகு தேய்ந்தவர், ஒருவழியாகச் சொந்த லாரி வாங்கிக் கம்பெனி தொடங்கினார். ஒரு லாரி, ஒரு டிரைவர், ஒரு முதலாளி. பின்னவர் இருவரும் அவரே. விண்ணப்பத்தில் 'பாதுகாப்புப் பொறுப்பாளர்' என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. வீட்டில் வேறு ஆள் ஏது? வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் நீட்டினார்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடு."

"எதுக்குங்க?"

"சும்மாதான். பைக்கை உன் பேர்ல வாங்கலையா, அது மாதிரி."

கையெழுத்துக்கு அவள், காரியத்துக்குத் தான் என்பது அவருடைய நெடுநாள் கொள்கை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். பிறகு கேட்டாள்: "பொறுப்பாளர்னா என்ன செய்யணும்?"

"வண்டி பத்திரமா இருக்கான்னு பார்த்துக்கணும்."

"சரி, பார்த்துக்கறேன்."

மறுநாள் காலையிலேயே பார்க்கத் தொடங்கிவிட்டாள். சாக்பீஸும் கையுமாக லாரியைச் சுற்றி வருவாள். விளக்கு சரியா, ஒரு கோடு. டயர் சரியா, ஒரு கோடு. கோடு விழாத வரைக்கும் சாவி அவள் இடுப்பிலிருந்து இறங்காது. இடது பக்கம் பின்னால் இருந்த இரண்டு டயருக்கு மட்டும் கோடு போடும்போதெல்லாம் முணுமுணுப்பாள்.

"வழுக்கை விழுதுங்க. மாத்துங்க."

"எனக்கும்தான் விழுது. மாத்திட்டியா?"

"வழி இருந்தா விடுவேனா? இதுக்காவது வழி இருக்கு."

"அடுத்த லோடு முடியட்டும்."

அடுத்த லோடு முடிந்தது. அதற்கடுத்ததும் முடிந்தது. டயர் மட்டும் மாறவில்லை. ஒரு காலையில் அவள் அந்த இரண்டுக்கும் கோட்டுக்குப் பதிலாகப் பெருக்கல் குறி போட்டாள். சாவி இடுப்பிலேயே தங்கிவிட்டது. அன்றைக்குத்தான் கடிதமும் வந்தது. புதுக் கம்பெனியைப் பாதுகாப்புச் சோதனை செய்ய அதிகாரி வருகிறார். தேறாவிட்டால் உரிமம் போகும். லாரி வாசலில் நின்று கோழி அடையத்தான் உதவும்.

அவர் மேசையைக் குத்தினார். "இந்தச் சோதனையில தேறியே தீருவேன்!"

"டயரை மாத்தித்தானே?"

"மாத்தித்தான்!" என்றார். மாற்றுவது ஒரு நாளைக்கு மட்டும் என்பதைச் சொல்லவில்லை.

டயர்க்கடைக்காரர் பக்கத்துத் தெரு, பழைய பழக்கம். சோதனைக்கு முந்தின நாள் மாலை அவள் தையற்கடைக்குப் போன நேரம் பார்த்து, புது டயர் இரண்டு வந்து லாரியில் ஏறிக்கொண்டன. மறுநாள் மாலை திருப்பித் தந்துவிடுவதாகப் பேச்சு. வழுக்கை டயர்கள் குளியலறைக்குப் பின்னால் படுதாவுக்கு அடியில் பதுங்கின. அவருக்கு மார்பு நிமிர்ந்துவிட்டது.

காலையில் பொறுப்பாளர் சாக்பீஸோடு கிளம்பினாள்.

"ஏங்க, நான் போட்ட பெருக்கல் குறி எங்க?"

"ராத்திரி மழை பெஞ்சுதே, அழிஞ்சிருக்கும்."

"இந்த ரெண்டு டயர் மேல மட்டுமா பெஞ்சுது?"

"சாரல் அந்தப் பக்கமா அடிச்சுது."

"அடிச்ச சாரல்ல வழுக்கையில முடியும் முளைச்சிருக்கே."

அவர் பேச்சை மாற்றி இருமினார். அவள், "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுதாப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "இதோ வந்துட்டேன்" என்று தெருவில் இறங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் "அப்படியா" என்று சொல்லி அவர் நல்லது எதையும் கண்டதில்லை. அன்றைக்கு அதை யோசிக்க நேரமில்லை. அவள் திரும்பி வரவும் அதிகாரி வந்து இறங்கவும் சரியாக இருந்தது.

அதிகாரி ஒரு பெண்மணி. பிரேக்கை மிதிக்கச் சொன்னார், ஹாரனை அடிக்கச் சொன்னார், லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தார். கடைசியில் இடது பக்கம் பின்னால் போய் நின்றார். இவரும் பின்னாலேயே போனார். அந்த நேரம் பார்த்து வாசலில் ஏதோ ஒரு பைக் இருமி இருமிக் கிளம்பியது. நம் பைக் போலவே இருமுகிறதே, பாவம், எந்த அப்பாவியுடையதோ என்று நினைத்துக்கொண்டார்.

"டயர் ரெண்டும் புதுசா இருக்கே. கம்பெனியோடதுதானா?" என்றார் அதிகாரி.

இவர் வாயைத் திறப்பதற்குள் பொறுப்பாளர் முந்திக்கொண்டாள். "கம்பெனியோடதுதான் மேடம். பழசு தேஞ்சுபோச்சு, இன்னிக்குக் காலையிலதான் வாங்கினேன்."

அவருக்குப் புல்லரித்தது. என்ன சரளமான பொய்! இத்தனை வருஷம் இவள் திறமையை வீணடித்துவிட்டோமே!

"டிரைவர் எப்படி?"

"டிரைவர் தங்கமான மனுஷர், மேடம். முதலாளிதான் கொஞ்சம் ஒரு மாதிரி."

"ரெண்டு பேரும் ஒருத்தர்தானே?"

"அதுதான் மேடம் என் கஷ்டமே."

அதிகாரி சிரித்துவிட்டார். கோடுகளை எல்லாம் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கம்பெனி தேறியது.

மாலையில் அவர் விசிலடித்துக்கொண்டே டயர்க்கடைக்கு நடந்தார்.

"தம்பி, வந்து உன் டயரைக் கழட்டிக்கோ."

"எதுக்குண்ணே கழட்டணும்? அதைத்தான் அண்ணி காலையில வாங்கிட்டாங்களே."

"வாங்கிட்டாளா? அவ எதைக் கொடுத்து வாங்கினா?"

டயர்க்காரர் கடையின் ஓரமாகக் கையைக் காட்டினார். அங்கே இவருடைய பைக் நின்றது. அதற்குள் புது சீட்டு உறை போட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு நடந்துதான் வந்தார். வாசலிலேயே கத்தினார்.

"என் பைக்கைக் கொடுத்திருக்கியே! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"டயரை மாத்தினப்ப நீங்க கேட்டீங்களா?"

"அது என் பைக்கு!"

"பதிவு யார் பேர்ல இருக்கு? சும்மாதானே கையெழுத்துப் போடச் சொன்னீங்க? நானும் சும்மாதான் கொடுத்தேன்."

"நான் இதை ஒத்துக்க மாட்டேன்!"

"இது பொறுப்பாளர் எடுத்த முடிவு. டிரைவருக்கு ஆட்சேபணைன்னா முதலாளிகிட்ட சொல்லட்டும்."

முதலாளியிடம் சொல்லிப் பார்த்தார். அவரும் பயந்த ஆள்தான்.

அந்த லாரி எத்தனையோ மலைச்சரிவு இறங்கியது, எத்தனையோ மழையில் பிரேக் போட்டது. ஒருமுறைகூட வழுக்கவில்லை. அவள் போன சேதியும் அவருக்கு லாரியில் இருக்கும்போதுதான் வந்தது. திரும்பி வரும் வழியெல்லாம், ஒவ்வொரு திருப்பத்திலும், இண்டிகேட்டரை அணைத்தோமா என்று பார்த்துப் பார்த்து ஓட்டிக்கொண்டு வந்தார்.

இப்போது லாரியை விற்றாயிற்று. சாக்பீஸ் டப்பா ஜன்னலில் இருக்கிறது. பைக் இன்னும் டயர்க்காரரிடம்தான் இருக்கிறது.