முக்காலி இறந்த செய்தியைத் திரும்பப் பெறுவது குறித்து

பழைய மாணவர் மடலின் ஆசிரியர் அவர்களுக்கு,

நாற்பதாண்டுக்கு முந்தைய கட்டடப் பொறியியல் வகுப்பின் தொடர்பாளன் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. நான் நலம். என் மனைவியும் நலம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் நேரில் பார்க்காத யாருடைய நலத்தைப் பற்றியும் இனி உறுதியாக எதையும் எழுதுவதில்லை என்று இந்த வாரம் முடிவு செய்திருப்பதால், நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். வரும் இதழின் 'நினைவில் நிற்போர்' பகுதிக்காக நான் சென்ற திங்கட்கிழமை அனுப்பிய, முக்காலி என்று எங்கள் வகுப்பில் அழைக்கப்பட்ட தோழனின் மறைவுச் செய்தியைத் தயவுசெய்து அச்சுக்கு அனுப்ப வேண்டாம். அவன் மறையவில்லை. இதில் அவன் தவறு ஏதும் இல்லை என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

இந்தப் பொறுப்பை ஒன்பது ஆண்டாக நான் எவ்வளவு ஒழுங்காகச் செய்துவருகிறேன் என்பது தங்களுக்குத் தெரியும். வகுப்புத் தோழர்களின் பிள்ளைகளுக்குக் கல்யாணம், பேரப்பிள்ளை, பணி ஓய்வு, அறுபது நிறைவு என்று 'வாழ்வில் ஒரு படி' பகுதிக்கு எங்கள் வகுப்பிலிருந்து ஒரு இதழாவது செய்தி தவறியதுண்டா? குடிநீர்த் துறையில் முப்பத்தைந்து ஆண்டு குழாய்களோடு வாழ்ந்தவன் நான். எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை என்று பார்த்தால் எங்கே உடைந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். அதே முறையைத்தான் நண்பர்களிடமும் கையாண்டேன். ஒவ்வொருவர் பிறந்த நாளன்றும் காலை ஏழு மணிக்கு வாழ்த்து அனுப்புவேன். மூன்று நாளுக்குள் பதில் வந்தால் ஆள் இருக்கிறார். வராவிட்டால் தோண்டிப் பார்ப்பேன். முக்காலியிடமிருந்து எழுத்தாக ஒருபோதும் பதில் வந்ததில்லை. மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டைவிரல் வரும். கல்லூரி முடிந்த பிறகு எங்களுக்குள் இருந்த மொத்த உறவும் அந்தக் கட்டைவிரல்தான். இந்த ஆண்டு அது வரவில்லை. மூன்று நாள் போயிற்று, ஐந்து நாள் போயிற்று, விரல் இல்லை.

அவனுக்கே நேராகப் போன் செய்திருக்கலாமே என்று தாங்கள் கேட்பீர்கள். என் மனைவியும் கேட்டாள். உயிரோடு இருக்கும் ஒருவரைக் கூப்பிட்டு நீங்கள் இருக்கிறீர்களா என்று விசாரிப்பது பண்பல்ல என்று அவளுக்கு விளக்கினேன். உண்மையான காரணத்துக்குப் பிறகு வருகிறேன். ஆகவே, முறைப்படி, வகுப்புத் தோழன் சிமெண்டுக்குப் போன் செய்தேன். (சிமெண்ட் ஏஜென்சி வைத்திருப்பதால் அந்தப் பெயர், பேச்சும் அப்படித்தான், கொட்டினால் இறுகிவிடும்.)

"முக்காலியப் பத்தி ஏதாவது கேள்விப்பட்டியா?" என்றேன்.

"ஏன்டா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் தெரியல. வாழ்த்துக்குப் பதில் இல்ல. தூக்கத்துல இருக்கானோ என்னமோ."

அவ்வளவுதான் நான் பேசியது. இதில் ஒரு சொல்லையாவது யாராவது குற்றம் சொல்ல முடியுமா? ஒரு மணி நேரம் கழித்து, நெடுஞ்சாலைத் துறையில் பாலங்கள் கட்டி ஓய்வு பெற்ற பாலம் என்னைக் கூப்பிட்டான். "கேள்விப்பட்டேன்டா. மனசே சரியில்ல. தூக்கத்துலயே போயிட்டானாமே."

"யாருடா சொன்னா?"

"ரொம்ப நம்பிக்கையான இடம். யாருன்னு கேக்காதே, சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டான்."

நான் பதறிப்போய் மறுபடி சிமெண்டைக் கூப்பிட்டால், அவன் எனக்கு முன்னால் பேச ஆரம்பித்துவிட்டான். "உறுதிதான்டா. பாலமே அழுதுட்டான். அவன் எதுக்கும் அழமாட்டானே, அவன் கட்டின பாலம் விழுந்தப்போகூட அழலையே." ஐயா, மறைவுச் செய்தி எதுவானாலும் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரண்டு சாட்சிகள் உறுதி செய்ய வேண்டும் என்பது தாங்களே வகுத்த விதி. என்னிடம் இரண்டு சாட்சிகள் இருந்தார்கள். இருவருமே என்னிடமிருந்து புறப்பட்ட செய்தியை என்னிடமே கொண்டுவந்து இறக்கினார்கள் என்பது தங்கள் படிவத்தில் கேட்கப்படவில்லை.

அன்று பிற்பகல் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து எழுதினேன். இந்தப் பகுதிக்கு அறுபது சொற்கள்தான் அனுமதி என்பது தெரியும். நான் அனுப்பியது நானூற்றுப் பன்னிரண்டு. முதல் பத்தியில் அவன் பிறப்பு, படிப்பு. இரண்டாம் பத்தியில் அவன் குணங்கள். பட்டப்பெயரின் காரணத்தையும் எழுதியிருந்தேன். நில அளவைப் பயிற்சிக்குப் போகும்போது கருவியை நிறுத்தும் முக்காலியைத் தூக்க எல்லோரும் ஒளிந்துகொள்வார்கள், அவன் ஒருவன் மட்டும் முணுமுணுக்காமல் தோளில் போட்டுக்கொண்டு மேடு ஏறுவான். மூன்றாம் பத்தியைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. தாங்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள், ஆகவே மறைத்துப் பயனில்லை. இறுதியாண்டு நில அளவை முகாமில், முக்காலியின் மேல் கோணம் அளக்கும் தியோடலைட் கருவியை வைத்துத் திருகை முடுக்க வேண்டிய முறை என்னுடையது. நான் முடுக்கவில்லை. கருவி சரிவில் உருண்டு ஓடைக்குள் விழுந்து நொறுங்கியது. பேராசிரியர் வந்தபோது முக்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன். "யாரு?" என்று கேட்டார். நான் வானத்தைப் பார்த்தேன். அவன் கல்லூரியிலிருந்து அரையாண்டு நிறுத்திவைக்கப்பட்டான். அந்த அரையாண்டில்தான் குடிநீர்த் துறை நேர்முகத் தேர்வு நடந்தது. அவன் மதிப்பெண் என்னைவிடப் பதினொன்று கூடுதல். அவன் அன்று வந்திருந்தால் அந்த நாற்காலியில் முப்பத்தைந்து ஆண்டு உட்கார்ந்திருப்பவன் நானல்ல. ஊர் ஊராக ஒப்பந்ததாரர்களின் தகரக் கொட்டகையில் தங்கி வேலை பார்த்திருப்பவன் அவனல்ல. இதுதான் நான் போன் செய்யாத காரணமும். நாற்பதாண்டாக என் மனைவியிடம்கூடச் சொல்லாததைத் தங்கள் மடலுக்கு ஒரே மூச்சில் எழுதி அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், தோளிலிருந்து ஏதோ இறங்கியது போல இருந்தது. இறந்துபோனவரிடம் மன்னிப்புக் கேட்பதைப் போல வசதியான காரியம் வேறில்லை. அவர் பதில் பேசமாட்டார், முகத்தைத் திருப்பமாட்டார், நாம் அழுதால் ஊரே மதிக்கும்.

ஐந்து நாள் அந்த வசதியோடு இருந்தேன். சனிக்கிழமை காலை முடிதிருத்தும் கடையில் கழுத்துவரை துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, மடியில் கிடந்த போன் துள்ளியது. பார்த்தால் மஞ்சள் கட்டைவிரல். கூடவே முதல் தடவையாக நான்கு சொற்கள்: 'தாமதத்துக்கு மன்னிக்கவும். நன்றி நண்பா.' நான் எழுந்தே விட்டேன்.

"சார், தலைய ஆட்டாதீங்க, காது போயிடும்" என்றார் முடிதிருத்துபவர். "என்ன, கெட்ட செய்தியா?"

"இல்லப்பா. ஒருத்தர் சாகலையாம்."

"அப்ப நல்லதுதானே. நேரா உக்காருங்க."

நேராக உட்கார்ந்தேன். என் வாழ்வில் அப்படி ஒரு நிம்மதியை நான் அறிந்ததில்லை. கண்ணாடியில் பார்த்தால் பாதி கிருதாவோடு ஒரு கிழவன் சிரித்துக்கொண்டிருந்தான். அந்த நிம்மதி சுமார் நான்கு நிமிடம் கலப்படமில்லாமல் இருந்தது. ஐந்தாவது நிமிடத்தில் மூன்றாம் பத்தி நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும், ஓடையில் விழுந்த கருவி உட்பட, சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "செத்தவர் விரலக் காட்டறாரேன்னு பயமா, இல்ல அவர் சாகலையேன்னு பயமா?" என்று மட்டும் கேட்டாள். இரண்டு கேள்விக்கும் சேர்த்து இல்லை என்றேன். "அப்ப போன எடுத்துப் பேசுங்க" என்று என் முன்னால் வைத்துவிட்டாள்.

மூன்றாவது மணியடிப்பில் எடுத்தான். "யாரு? குழாயா? என்னடா இது, பொறந்தநாள் வாழ்த்துக்குக் குரல் வந்துடுச்சு!" (குழாய் என்பது நான்.) எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். "உயிரோட இருக்கேன்டா" என்றான். எல்லோரும் சொல்கிற பதில்தான். எனக்கு மட்டும் அதைக் குறிப்பாகச் சொன்னது போல இருந்தது. அவனுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்திருக்கிறது. பத்து நாள் போனைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "என்னா நிம்மதி தெரியுமாடா அந்தப் பத்து நாள்! எவனும் என்னத் தேடலன்னு வேற தெரிஞ்சுது." தேடினோம் என்று சொல்லத் தோன்றியது, எதற்குத் தேடினோம் என்று கேட்பானே என்று அடக்கிக்கொண்டேன். நாற்பது நிமிடம் பேசினோம். அவன் முழங்கால், என் முழங்கால், அவன் மருமகன் யாரைப் பார்த்தாலும் அறிவுரை சொல்வது. ஓடைப் பக்கம் நானும் போகவில்லை, அவனும் போகவில்லை.

மற்ற இருவருக்கும் செய்தி சொன்னபோது பாராட்டு எதுவும் வரவில்லை. "என்னடா இப்படிச் சொல்ற? இரங்கல் கூட்டத்துக்கு ஹால் பேசிட்டேன், போட்டோவப் பெருசு பண்ணியாச்சு" என்றான் சிமெண்ட். போட்டோவை அவனுக்கே கொடுத்துவிடு என்றேன். "என்னன்னு சொல்லிக் குடுக்கறது?" என்று கேட்டான். பாலம் கொதித்துப் போயிருந்தான். "எவன்டா இந்தப் புரளியக் கிளப்பினது? நான் அழுத அழுகைக்கு யாரு பொறுப்பு? சும்மா விடக் கூடாது. நீதான தொடர்பாளன், நீ விசாரி." ஆக, விசாரணைக்கு என்னையே போட்டிருக்கிறார்கள். இதுவரை கிடைத்த தடயங்கள் எல்லாம் என் வீட்டு வாசல்வரை வந்து நிற்கின்றன. தனிநபர் யாரும் பொறுப்பல்ல, நடைமுறையில்தான் குறை என்று அறிக்கை எழுதலாம் என்றிருக்கிறேன்.

ஆகவே தங்களிடம் நான் மன்றாடிக் கேட்பது, அந்தச் செய்தியை எடுத்துவிட வேண்டும், தாளைக் கிழித்துவிட வேண்டும், மூன்றாம் பத்தியைத் தாங்களும் மறந்துவிட வேண்டும். அந்த இடத்தில், 'வாழ்வில் ஒரு படி' பகுதியில், 'கட்டடப் பொறியியல் வகுப்புத் தோழருக்கு வலது கண்ணில் கண்புரை சிகிச்சை வெற்றிகரமாக நடந்தது' என்று ஒரு வரி போட்டால் போதும். இதை எனக்காகக் கேட்கவில்லை. அவன் இப்போதுதான் கண் திறந்திருக்கிறான், மனதை உலுக்கும் எதையும் அவன் படிப்பது கண்ணுக்கு நல்லதல்ல. முழுக்க மருத்துவ நோக்கில் எழுதப்படும் கோரிக்கை இது. (தோளுக்கு மேலிருந்து படித்த என் மனைவி, "மருத்துவ நோக்கமாம்!" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அதைத் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம்.)

தங்கள் மடல் நீடூழி வாழ்க. அதைப் படிப்போர் அனைவரும் 'வாழ்வில் ஒரு படி' பகுதியிலேயே பல்லாண்டு இடம்பெற்று, 'நினைவில் நிற்போர்' பகுதிக்கு ஆள் கிடைக்காமல் தாங்கள் திண்டாடுக. தங்கள் வீட்டாருக்கும் அலுவலகத்தாருக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
வகுப்புத் தொடர்பாளன், தற்காலிகமாக விசாரணை அதிகாரி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது முக்காலி கூப்பிட்டான். தங்கள் படிவத்தில் 'மறைந்தவர் குடும்பத்தாரின் தொலைபேசி எண்' என்ற இடத்தில், என்னிடம் வேறு எண் இல்லாததால், அவன் எண்ணையே எழுதியிருந்தேனாம். தங்கள் அலுவலகம் ஆழ்ந்த அனுதாபங்களோடு அச்சுப்படியை அதற்கு அனுப்பி, திருத்தம் இருந்தால் தெரிவிக்கச் சொல்லியிருக்கிறது. அவன் இன்னும் நீளமாக எதையும் படிக்கக் கூடாது என்பதால் அவன் மனைவி உரக்கப் படித்திருக்கிறார். "மூணு தடவ படிக்கச் சொன்னேன்டா. ஒரு தடவ செத்ததுக்கு, ஒரு தடவ புகழ்ச்சிக்கு, ஒரு தடவ அந்தத் திருகுக்கு" என்றான். "நீ முடுக்கலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். ஏழு வருஷம் உன்மேல கோவமா இருந்தேன். அப்புறம் மறந்தே போச்சு, நீதான் வருஷா வருஷம் வாழ்த்து அனுப்பி ஞாபகப்படுத்தின. சரி, என்னிக்காவது நீ வாயத் திறப்பேன்னு விரலக் காட்டிட்டே உக்காந்திருந்தேன். நான் செத்தாதான் நீ சொல்லுவேன்னு தெரிஞ்சிருந்தா எப்பவோ செத்திருப்பேனேடா!" என்று சொல்லிவிட்டு அவன் சிரித்த சிரிப்பில் அவன் மனைவி வந்து கறுப்புக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். செய்தியை அப்படியே போடவும். இறந்தது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சரி என்கிறான். முக்காலியை முணுமுணுக்காமல் தூக்கினான் என்பதை மட்டும், கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே தூக்கினான் என்று திருத்தச் சொல்கிறான். மூன்றாம் பத்தியில் ஒரு சொல்லும் குறைய வேண்டாம். 'வாழ்வில் ஒரு படி' பகுதியில் போடுங்கள். அவன் பெயரில் அல்ல, என் பெயரில்.