வீராங்கனை போஸ்ல மாட்டிக்கிட்டேன்

போன சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஒரு பொண்ணு படம் வரையணும்.

எங்க ஊரப்பாக்கம் அபார்ட்மென்ட்ல மறுநாள் மகளிர் தின விழா. பொறுப்பு என் மனைவி காயத்ரி கையில. மேடைக்குப் பின்னாடி பெரிய ஃப்ளெக்ஸ், அதுல வாள் பிடிச்ச வீராங்கனை. "என் வீட்டுக்காரரே வரைஞ்சிடுவாரு, வெளிய கொடுக்க வேணாம்"னு மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு வந்துட்டா. சாயங்காலத்துக்குள்ள படம் தாம்பரம் பிரிண்டிங் கடைக்குப் போகணும். போகலைன்னா அவ மானம் போயிடும்.

எனக்கா பயம்? ஸ்கூல் படிக்கிறப்பவே பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில பழைய இங்கிலீஷ் மாயாஜால நாவல்களைத் தேடித் தேடி வாங்கினவன் நான். கதை ஒரு வரி புரியாது. வாங்குறதே அட்டைக்காகத்தான்.

அட்டையில ஒரு மலை, ஒரு டிராகன், ஒரு பொண்ணு. டிராகனுக்கு உடம்பு பூரா செதில். பொண்ணுக்கு உடுப்புன்னு ரெண்டு கிண்ணம், ஒரு சங்கிலி. அதைப் பார்த்துப் பார்த்து வரைஞ்சு பழகின கை இது.

மதியத்துக்குள்ள முடிச்சுக் காட்டினேன். காயத்ரி ரொம்ப நேரம் பார்த்தா.

"இவ சண்டைக்குப் போறாளா, குளிச்சிட்டு வர்றாளா?"

"அது கவசம்மா."

"கவசம்னா குத்து விழுற இடத்துல இருக்கணும். இவளுக்கு அங்க மட்டும்தான் இல்ல. முன் வரிசையில பெரியவங்கல்லாம் உக்காருவாங்க, தெரியும்ல?"

சரின்னு கழுத்துலேர்ந்து கால் வரைக்கும் கவசத்தை இழுத்து மூடினேன்.

"இப்ப ஏன் இப்படி நிக்கிறா? முன்பக்கமும் தெரியுது, பின்பக்கமும் தெரியுது. எதிரி எந்தப் பக்கம்?"

"அதான் போஸ். வீரமா நிக்கிறா."

"மனுஷி யாரும் இப்படி நிக்க முடியாதுங்க."

இங்கதான் என் வாய் சும்மா இருந்திருக்கணும். "ஏன் முடியாது, பாரு"ன்னு எழுந்தேன். ஐடி கம்பெனி நாற்காலி வளர்த்துவிட்ட தொப்பை, மேல பனியன், கீழ லுங்கி. துடைப்பத்தை வாளாட்டம் தூக்கினேன். இடுப்பை ஒரு பக்கம் தள்ளி, மாரை நிமித்தி, அப்படியே முறுக்கி, தோளுக்கு மேல ஒரு பார்வை பார்த்தேன்.

முதுகுல டக்னு ஒரு சத்தம்.

"சரி, பார்த்துட்டேன். நேரா நில்லுங்க."

"முடியல."

"என்ன முடியல?"

"நேரா நிக்க."

அந்த நேரம் பார்த்து காலிங் பெல். படம் ரெடியான்னு பார்க்க அசோசியேஷன் செக்ரட்டரி பானு மேடம், கூட ரெண்டு பேரு. கதவைத் திறந்தா ஹால் நடுவுல நான், துடைப்பத்தோட, இடுப்பு வளைஞ்சு.

பானு மேடம் கேட்டாங்க, "சார் டான்ஸ் ஐட்டமும் பண்றாரா? சொல்லவே இல்லையே காயத்ரி."

காயத்ரி மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு தெரியல. நல்லவேளை, என் கழுத்து வேற பக்கம் திரும்பியிருந்தது.

ஆட்டோ பிடிச்சு குரோம்பேட்டை பிசியோதெரபி கிளினிக்குக் கிளம்பினோம். ஜிஎஸ்டி ரோடு முழுக்க, பின்னாடி வர்ற வண்டிக்காரங்களை எல்லாம் முறைச்சுக்கிட்டே போனேன். ஒரு பைக்காரர் பயந்து வேகத்தைக் குறைச்சு ஒதுங்கிட்டார்.

டிரைவர் கண்ணாடியில பார்த்தார். "இன்னா சார், பின்னாடி யார்னா தொரத்திகினு வராங்களா?"

"இல்லப்பா, சுளுக்கு."

கிளினிக்ல பிசியோ டாக்டர் கேட்டார், "எப்படி ஆச்சு? வெயிட் எதுனா தூக்கினீங்களா?"

வாயால சொல்லக் கூச்சமா இருந்தது. போன்ல படத்தைக் காட்டினேன். கவசத்தை மூடுறதுக்கு முன்னாடி எடுத்த படம். அவர் அதைப் பெருசு பண்ணி, நகர்த்தி, மறுபடி பெருசு பண்ணிப் பார்த்தார்.

"சூப்பர் சார். ஹாஸ்டல்ல என் கட்டிலுக்கு மேல இதே மாதிரி ஒண்ணு ஒட்டியிருந்தேன்."

"நீங்க எலும்பைப் பத்திப் படிச்சவர்தானே? இப்படி நிக்க முடியுமா?"ன்னு காயத்ரி கேட்டா.

அவர் இப்பதான் படத்தை டாக்டரா பார்த்தார். "அட, முடியாது மேடம். விலா எலும்புல பாதியைக் கழட்டி வெச்சாதான் உண்டு. இத்தனை வருஷமா நான் கவனிக்கவே இல்லையே."

"ரெண்டு பேரும் வேற எதையோ கவனிச்சிருக்கீங்க."

டாக்டர் அவசரமா என் முதுகை அமுக்க ஆரம்பிச்சார். எனக்கு வலியை விட வெக்கம்தான் ஜாஸ்தி. அந்த அட்டைங்க சொன்னதுதான் அழகு, அதுதான் வீரம்னு இத்தனை வருஷம் நம்பிட்டு இருந்திருக்கேன்.

ஒருவழியா கழுத்து நேராச்சு. வீட்டுக்கு வந்து ஹாட் வாட்டர் பேக்கோட சாய்ஞ்சேன். காயத்ரி எதிர்ல வந்து நின்னா.

"கடை மூடிடுவான். வரையப் போறீங்களா, இல்லையா?"

ரெண்டு காலையும் ஊனி, துப்பட்டாவைக் குறுக்கக் கட்டி, ஒரு கை இடுப்புல. தண்ணி லாரி வராத அன்னிக்கு அவ கேட்ல போய் நிக்கிற அதே நிலை. லாரிக்காரரே 'ஸாரி மேடம்'னு சொல்லுவாரு.

"அப்படியே நில்லு"ன்னு சொல்லி அதையே வரைஞ்சேன். வாள் மட்டும்தான் என் கற்பனை. கடை மூடுறதுக்கு முன்னாடி படம் போய்ச் சேர்ந்துடுச்சு.

விழாவுல லேடீஸ் எல்லாரும் அந்த ஃப்ளெக்ஸ் முன்னாடி அதே மாதிரி நின்னு செல்ஃபி எடுத்தாங்க. "இது நீதானே"ன்னு பானு மேடம் காயத்ரியைக் கட்டிக்கிட்டாங்க. அவ கூட்டத்துல என்னைத் தேடிப் பார்த்துச் சிரிச்சா. இடுப்பு பெல்ட்டோட கடைசி வரிசையில உக்காந்திருந்த எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு.

ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துல அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல பி பிளாக் சார் ஒருத்தர் போட்டிருந்தார்: "படம் அருமை. இடுப்பை மட்டும் கொஞ்சம் வளைச்சிருக்கலாம்."

அவருக்கு அந்த பிசியோ கிளினிக் லொகேஷனை அனுப்பி வெச்சேன்.